மூன்று கோர்ட்டிலும் ஜெயித்தோம், வேலி அப்படியே இருக்கிறது. நீங்களாக இருந்தால் கோர்ட்டுக்குப் போவீர்களா?

கிணற்றடி:

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, முதல் முறையாக எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்துக்குப் போக ஒரு வண்டிப்பாதை உண்டு. தாத்தா காலத்திலிருந்து மாட்டுவண்டி போன பாதை. பத்திரத்திலும் "வண்டி வாகனங்கள் போக வர மாமூல் பாதை பாத்தியம்" என்று எழுதியிருக்கிறது. 2003இல் பக்கத்து நிலத்தை வாங்கியவர் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு முறை உட்கார்ந்து பேசியும் நடக்கவில்லை. அப்பா முன்சீப் கோர்ட்டில் கேஸ் போட்டார். கமிஷனர் வந்து டேப் பிடித்து அளந்தார். சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் முடிந்து 2011இல் எங்கள் பக்கம் தீர்ப்பு. அவர் சப் கோர்ட்டுக்குப் போனார், 2016இல் அங்கேயும் எங்களுக்கே. அப்புறம் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. அதுவும் 2022 டிசம்பரில் தள்ளுபடி.

19 வருடம், மூன்று கோர்ட். வேலி மட்டும் போகவில்லை. இன்றைக்கும் வரப்பில் தலைச்சுமையாகத்தான் வாழைத்தார் வருகிறது.

அப்பா ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாளே சவரம் செய்துகொள்வார். கேஸ் கட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவார். டவாலி பெயரைக் கூப்பிட்டதும் கும்பிடு போட்டுவிட்டு நிற்பார், தேதி வாங்கிக்கொண்டு திரும்புவார். ஒரு டைரியில் எல்லாத் தேதியும் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். முன்சீப் கோர்ட்டில் மட்டும் 143 வாய்தா. அதில் பாதிக்கு மேல் எதிரே ஒரே வார்த்தைதான்: "தள்ளி."

கடைசித் தீர்ப்பு வந்த அன்று வக்கீல் போனில் "டிஸ்மிஸ் ஆயிடுச்சுங்க ஐயா" என்றார். அப்பா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். எதிராளி போட்ட அப்பீல்தான் டிஸ்மிஸ் என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. மறுவாரம் டிகிரி காப்பியை, அதாவது தீர்ப்பாணை நகலை, லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மச்சான் ஒரு சீட்டில் 4 லட்சம் விட்டுவிட்டார். கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு வீட்டில் எல்லோரும் வேண்டவே வேண்டாம் என்கிறோம். போகச் சொல்லும் ஒரே ஆள் அப்பாதான்! "ஜட்ஜு மூணு பேரும் சரியாத்தானடா சொன்னாங்க" என்கிறார். இதை நம்பிக்கை என்பதா, பழக்கதோஷம் என்பதா? நீங்கள் என்ன செய்வீர்கள்?

கரிசல்:

"வழக்கில் ஜெயித்தவன் தோத்தான், தோத்தவன் செத்தான்" என்று எங்கள் பாட்டி சொல்லும். உங்கள் கதையைப் பார்த்தால் பாட்டி சொன்னது குறைவுதான்.

நான் கோர்ட் வாசல் வரைக்கும்கூடப் போனதில்லை, ஸ்டேஷன் வாசலிலேயே ஞானம் வந்துவிட்டது. இரண்டு வருடம் முன்பு எங்கள் கிணற்று மோட்டாருக்குப் போகிற கேபிளை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். செம்புக்காகத்தான். புகார் எழுதிக்கொண்டு போனால் "யார் மேல சந்தேகம்? பேரை எழுது" என்றார்கள். பேர் தெரிந்தால் நான் ஏன் ஐயா இங்கே வருகிறேன்? எஃப்.ஐ.ஆர். கிடையாது, புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூட இல்லை. மூன்று நாள் அலைந்துவிட்டு நானே புதுக் கேபிள் வாங்கிப் போட்டேன். மச்சானிடம் சொல்லுங்கள், 4 லட்சம் போனது போனதுதான், மேற்கொண்டு ஒரு லட்சம் விடவேண்டாம்.

பழைய குமாஸ்தா:

தம்பி கிணற்றடி, மற்ற விவாதம் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். 34 வருடம் வக்கீல் ஆபீசில் கட்டுத் தூக்கியவன் கேட்கிறேன். டிகிரியில் என்ன பரிகாரம் கொடுத்திருக்கிறது? விளம்புகையும் (பாதை பாத்தியம் உங்களுக்கு உண்டு என்கிற அறிவிப்பு) நிரந்தர உறுத்துக்கட்டளையும் மட்டுமா, வேலியை எடுக்கச் சொல்லிச் செயலுறுத்துக் கட்டளையும் உண்டா? நிறைவேற்று மனு, அதாவது இ.பி. போட்டீர்களா? உயர் நீதிமன்றத் தீர்ப்பின் சரியான தேதி என்ன?

பதில் சொல்லிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

கிணற்றடி:

ஐயா, காப்பியைப் பார்த்துச் சொல்கிறேன். "மேற்படி வேலியைப் பிரதிவாதி தன் செலவில் அகற்ற வேண்டியது, தவறினால் நீதிமன்றம் மூலம் அகற்ற வேண்டியது" என்று இருக்கிறது. தேதி 2022 டிசம்பர், இரண்டாவது வாரம். இ.பி. எதுவும் போடவில்லை. எங்கள் பழைய வக்கீல் கொரோனாவில் தவறிவிட்டார். ஜூனியர்தான் பார்த்துக்கொண்டார். "தீர்ப்பு வந்தாச்சு, அவரே எடுத்துடுவார், பார்ப்போம்" என்றார். அதோடு நாங்களும் விட்டுவிட்டோம்.

பழைய குமாஸ்தா:

நினைத்தேன். இப்போது அக்டோபர் கடைசி. உங்களுக்கு ஆறு வாரம்கூட இல்லை.

கேட்டுக்கொள்ளுங்கள். பணம், சுவாதீனம் போன்ற டிகிரிகளை நிறைவேற்ற 12 வருடம் அவகாசம் உண்டு. "இதைச் செய்யாதே" என்கிற நிரந்தர உறுத்துக்கட்டளைக்குக் காலக்கெடுவே இல்லை. ஆனால் "இதை எடு, இதை இடி" என்கிற செயலுறுத்துக் கட்டளைக்கு மூன்றே வருடம். அது தாண்டினால் லேமினேஷன் மட்டும்தான் மிச்சம்.

தீர்ப்பு வந்தால் வேலை முடிந்தது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். வேலை அங்கேதான் ஆரம்பம். கோர்ட் தானாக ஆள் அனுப்பி வேலியைப் பிடுங்காது. நாம் போய் "சொன்னபடி செய்யவில்லை" என்று மனுப் போட வேண்டும். அதற்கு நோட்டீஸ், எதிருரை, அதற்கும் வாய்தா. கடைசியில் கோர்ட் ஊழியரான அமீனா வருவார், தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்போடு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 21, விதி 32 என்று ஒன்று இருக்கிறது. வேண்டுமென்றே மீறுகிறவரை சிவில் ஜெயிலில்கூட வைக்கலாம். கோர்ட் ஆளே வேலியை எடுத்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கவும் வழி உண்டு.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பழைய நில வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 1986இல் போட்ட கேஸ். நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் சொன்னார்கள். அதற்கப்புறம் கணக்கெடுத்தால் நாடு முழுக்க 8.82 லட்சம் நிறைவேற்று மனு தேங்கிக் கிடந்தது. அத்தனையும் ஜெயித்தவர்கள் போட்ட மனு என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. அந்த லேமினேட் காப்பியைக் கொண்டுபோனால் வாங்கமாட்டார்கள். நாளைக்கே புதிதாக நகல் மனுப் போடுங்கள்.

காவிரிக்கரை:

பழைய குமாஸ்தா ஐயா சொன்னது கண்ணைத் திறந்தது. ஆனால் கிணற்றடி கேட்டது வேறு கேள்வி. அப்பா சொன்னது போல ஜட்ஜ்கள் எப்போதும் சரியாகத்தான் சொல்கிறார்களா?

நான் நாகை பக்கம். எங்கள் தாத்தா ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி நெல் கூடக் கேட்ட தகராறில் ஒரே குடிசையில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிந்துபோனார்கள். கீழ்க்கோர்ட் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இவ்வளவு நிலபுலம் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று தீர்ப்பில் சொல்லப்பட்டது. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வரியை மனப்பாடமாகச் சொல்லுவார். "கார் வெச்சிருக்கவன் நெருப்பு வெக்கமாட்டானாம்" என்று சொல்லிவிட்டுத் துப்புவார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் வழக்கு கிழக்கு வந்ததில்லை. ஆனால் கோர்ட் என்றால் முதலில் ஞாபகம் வருவது அதுதான். ஒரு தீர்ப்பு எத்தனை தலைமுறைக்கு நம்பிக்கையைக் கெடுக்கும் பாருங்கள்.

மொரப்பூர்காரன்:

காவிரிக்கரை, உங்கள் தாத்தாவின் கோபம் நியாயம். எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

அரூர் தாலுகா, சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் இறங்கினார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், கிணற்றைக்கூட விடவில்லை. 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அதற்கப்புறம் அந்த ஜனங்களையே பிடித்து ஜெயிலில் போட்டார்கள். அப்படியொன்று நடக்கவே இல்லை என்றுதான் அரசாங்கம் சாதித்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் கோர்ட்டுக்குப் போனதில் 1995இல் சி.பி.ஐ.க்கு மாறியது.

தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டில் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள். 269 பேருமே அரசு ஊழியர்கள்! அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. அவர்கள் அப்பீல் போனார்கள். அது இன்னும் 12 வருடம். 2023 மார்ச்சில் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் வந்தார். ஏரிக்கரை, ஆலமரம் என்று அந்தப் பெண்கள் சொன்ன இடத்தையெல்லாம் நடந்தே பார்த்தார். செப்டம்பரில் எல்லா அப்பீலும் தள்ளுபடி. 18 பேருக்கும் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னார், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கச் சொன்னார்.

31 வருடம். அன்றைக்குப் பதின்மூன்று வயசுப் பிள்ளையாக இருந்தவள் இன்றைக்குப் பாட்டி. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒன்று மாறியது. வனத்துறை ஜீப் வந்தால் ஊரே காட்டுக்குள் ஓடுகிற காலம் போய், "எந்த ஆர்டர்ல வந்தீங்க?" என்று கேட்கிற பெண்கள் இருக்கிறார்கள். நானே கேட்டிருக்கிறேன், காதால்.

கரிசல்:

31 வருடம் காத்திருக்க ஒரு சங்கமும் ஒரு கட்சியும் பின்னால் நின்றது அண்ணே. கிணற்றடி அப்பாவுக்குப் பின்னால் மஞ்சள் பை மட்டும்தானே நின்றது?

தையல்கடை அக்கா:

நான் வேறு மாதிரி சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்.

எனக்கு ஜீவனாம்சக் கேஸ். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு என்பது எனக்கு 2018 வரைக்கும் தெரியாது. கடைக்கு ஜாக்கெட் தைக்க வந்த ஒரு டீச்சர் சொல்லித்தான் கோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழு அறைக்குப் போனேன். 15100க்கு போன் போட்டாலும் சொல்வார்கள். வக்கீல் கொடுத்தார்கள். இலவசம்தான், ஆனால் ஜெராக்ஸ், டைப்பிங், "வர்ற போற செலவு" என்று அவ்வப்போது கேட்டார். கேட்கக் கூடாது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. யாரிடம் போய்ச் சொல்ல?

இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சேர்ந்து 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். எனக்கு 14 மாதம். ஆர்டர் வந்தது, மாதம் 6,000. அவர் ஒரு பைசா கொடுக்கவில்லை. மறுபடி பாக்கி கேட்டு மனு. இதில் ஒரு வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும், அதற்கு மேல் போன பாக்கிக்கு இந்த வழியில் வாரண்ட் வராது, மற்ற அக்கா தங்கைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

வாரண்ட் வந்ததும்தான் ஆள் வந்தார். கோர்ட் தாழ்வாரத்தில், ஜன்னல் ஓரமாக, அவர் அண்ணன் 500 ரூபாய்க் கட்டைப் பிரித்து எண்ணினார். என் வக்கீல் எண்ணினார். நான் வாங்கி மறுபடி எண்ணினேன். பக்கத்தில் கொலைக் கேஸுக்கு வந்த ஒரு ஆள் டீ குடித்துக்கொண்டே "கரெக்டா இருக்காம்மா?" என்று கேட்டார். 54,000. இருந்தது.

எனக்கு அந்த ஜட்ஜ் அம்மா முகம்கூடச் சரியாக ஞாபகம் இல்லை. இரண்டு நிமிஷத்துக்கு மேல் நான் அவர் முன்னால் நின்றதில்லை. ஆனால் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் அந்த ஆள் எண்ணியிருக்கமாட்டார். ஊர்ப் பஞ்சாயத்தில் மூன்று முறை பேசினோம், மூன்று முறையும் "அனுசரிச்சுப் போம்மா"தான். அதனால் நான் கோர்ட் கட்சி.

ஓய்வு ஏட்டு:

கரிசல் தம்பி கேபிள் கதை படித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன். மாத இறுதியில் கண்டுபிடிக்காத கேஸ் எண்ணிக்கை கூடினால் மேலிருந்து திட்டு. அதனால் கண்டுபிடிக்க முடியாது என்று தோன்றுகிற திருட்டைப் பதிவே செய்யாமல் தள்ளிவிடுகிறார்கள். சரி என்று சொல்லவில்லை, காரணம் இது.

கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஸ்டேஷனில் மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். அந்தத் தபால் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவரிடம் ஸ்டேஷன் ரைட்டர் பேசுகிற தொனியே வேறு.

அப்புறம் எல்லோரும் ஜட்ஜையும் போலீஸையும் சொல்கிறீர்கள், சாட்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பார்த்த கேஸ்களில் பாதிக்கு மேல் கூண்டிலேயே செத்தது. "எனக்கு எதுவும் தெரியாதுங்க, போலீஸ் வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க" என்பார். பிறழ் சாட்சி. ஊரில் அதற்குள் பேசி முடித்திருப்பார்கள். சம்மனுக்கு வந்து நாள் முழுக்க மரத்தடியில் நின்று, மாலையில் "தள்ளி" என்று கேட்டுப் போகிறவன் நான்காவது முறை எதற்கு உண்மை பேச வேண்டும்?

சாதி ஆணவக் கொலையான கோகுல்ராஜ் வழக்கில் முக்கிய சாட்சியே மாறிப் பேசினார். திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவு இருந்ததால் பிழைத்தது. 2015இல் நடந்த கொலைக்கு 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள், மறுவருடம் உயர் நீதிமன்றமும் அவர்கள் குற்றவாளிகள் என்று உறுதி செய்தது. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள். அந்தப் பெண்கள் நின்றார்கள், கேஸ் நின்றது.

கரிசல்:

ஏட்டு ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். சாட்சி பயப்படுவது யாருக்கு? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன அப்பாவும் மகனும் செத்த அப்புறம் உயர் நீதிமன்றம் விசாரிக்க அனுப்பிய மாஜிஸ்திரேட்டையே ஸ்டேஷனில் மரியாதைக்குறைவாகப் பேசினார்கள். ஸ்டேஷனையே வருவாய்த்துறைக் கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நீதிபதிக்கே அங்கே அந்த மரியாதை என்றால் கேபிள் போனவனுக்கு?

ஓய்வு ஏட்டு:

மறுக்கவில்லை தம்பி. அன்றைக்கு உள்ளே நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதும் அதே ஸ்டேஷனில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். தெரியவில்லை.

நெறியாளர்:

விவாதம் நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: உங்கள் சொந்த வழக்கில் எதிர்த்தரப்பு, வக்கீல், கோர்ட் பெயர், வழக்கு எண் போட வேண்டாம். இரண்டு பதிவுகளில் ஊர்ப் பெயரை நீக்கியிருக்கிறேன்.

மூன்றாமாண்டு:

சட்டக்கல்லூரி மாணவன். கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும், திட்டாதீர்கள்.

நாட்டில் எல்லாக் கோர்ட்டிலும் சேர்த்து 5 கோடிக்கு மேல் வழக்கு நிலுவை. பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதி வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இலேயே சொன்னது. இன்னும் 21 என்கிற அளவில்தான் நிற்கிறோம். கிணற்றடி அண்ணன் டைரியில் இருக்கிற "தள்ளி"களில் பாதி இந்தக் கணக்கில் வருவதுதான். ஒரு நாளைக்கு 80 கட்டு மேசையில் இருந்தால் ஜட்ஜ் என்ன செய்வார்?

எனக்கு ரொம்ப உறுத்தியது அந்த "டிஸ்மிஸ்" கதை. முன்சீப் கோர்ட்டில் அப்பா தமிழில் சாட்சி சொன்னார், தீர்ப்பையும் தமிழில் எழுதியிருப்பார்கள். அதே கட்டு உயர் நீதிமன்றம் போனதும் இங்கிலீஷ் ஆகிவிடுகிறது. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி இருக்கிறது. தமிழுக்குக் கேட்டு 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானமே போட்டது, இன்னும் கிடைக்கவில்லை. தன் கேஸ் ஜெயித்ததா தோற்றதா என்பதையே இன்னொருத்தர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், ஜனங்கள் கோர்ட்டை நம்புகிறார்களா வக்கீலை நம்புகிறார்களா?

இனி வக்கீல் போனுக்குக் காத்திருக்க வேண்டாம். ஈ-கோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா, போன தடவை என்ன நடந்தது, எல்லாம் வரும்.

காவிரிக்கரை:

தம்பி, நீதிபதி எண்ணிக்கை சரி. ஆனால் பெரிய ஆள் கேஸுக்கும் நேரம் இழுக்கிறதே, அது வேறு இழுப்பு. சொத்துக்குவிப்பு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் ஆரம்பித்து, 2003இல் பெங்களூருக்கு மாறி, 2014 செப்டம்பரில் தண்டனை. 2015 மே மாதம் விடுதலை. கடன்களைக் கூட்டியதில் தப்பு இருக்கிறது என்று மறுநாளே எங்கள் டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தே முக்கால் கோடிகூட வராத தொகை தீர்ப்பில் 24 கோடியாக இருந்தது! 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பழைய தண்டனையே சரி என்றபோது முதல் குற்றவாளி உயிரோடு இல்லை. எந்தக் கட்சி என்று பார்க்காமல் சொல்கிறேன், அந்த டீக்கடைக் கூட்டலுக்கு அப்புறம் எங்கள் ஊரில் "தீர்ப்பு" என்கிற வார்த்தைக்கு இருந்த கனம் குறைந்துவிட்டது.

மூன்றாமாண்டு:

தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் கோர்ட்தான் என்று சொல்ல வந்தேன். ஆனால் 21 வருடம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

டெப்போ:

அரசு பஸ் டிரைவர் நான். சிரிப்புக்கு ஒன்று. விபத்து நஷ்டஈடு கட்டவில்லை என்று கோர்ட் ஆர்டரோடு அமீனா வந்து பஸ் ஸ்டாண்டிலேயே பஸ்ஸை ஜப்தி செய்வதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். எனக்கே நடந்தது. பயணிகளை இறக்கிவிட்டு, கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டி, வண்டியைக் கோர்ட் வளாகத்தில் கொண்டுபோய் நானே நிறுத்தினேன். ஒரு பாட்டி இறங்கும்போது "கவர்மென்ட்டு பஸ்ஸ கவர்மென்ட்டே புடிக்குதா?" என்று கேட்டது. டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு கண்டக்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. சர்க்காரே தீர்ப்பை மதிக்க பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, முள்வேலிக்காரர் எப்படி மதிப்பார்?

தையல்கடை அக்கா:

எங்கள் தெருவில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் கோர்ட்டுக்குப் போவதில்லை, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்தான். வக்கீல் வேண்டாம், செலவு ஒரு பேப்பர், கலெக்டர் முகத்தை நேரில் பார்க்கலாம். ஆனால் 2017இல் நெல்லையில் கந்துவட்டிக் கொடுமைக்கு மனு மேல் மனுக் கொடுத்துப் பார்த்த ஒரு குடும்பம் அந்த வாசலிலேயே தீக்குளித்தது. அந்தக் குழந்தைகள் படம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதிலிருந்து திங்கட்கிழமை போனால் கேட்டில் போலீஸ் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று மோந்து பார்க்கிறார்கள். போன மாதம் என் டிபன் பாக்ஸைத் திறந்து மோந்தார்கள். புளிச்சாதம்.

பழைய குமாஸ்தா:

கிணற்றடி, நகல் மனுப் போட்டாயிற்றா? மச்சான் சீட்டு பதிவு பெற்ற கம்பெனியா, ஊர்ச் சீட்டா? பதிவுச் சீட்டு என்றால் தகராறு சிவில் கோர்ட்டுக்கே போகாது, சீட்டுப் பதிவாளரிடம் போகும். ஊர்ச் சீட்டு என்றால் அதை நடத்தியதே சட்டவிரோதம், போலீஸ் புகாரிலிருந்து தொடங்க வேண்டும். எதுவானாலும் கொடுத்த பணத்துக்குக் கையில் என்ன எழுத்து இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கிணற்றடி:

நான்கு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் வாசித்தேன், அப்பாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். வாச்சாத்தி வந்தபோது இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னார். டீக்கடைக் கூட்டலுக்குச் சிரித்தார்.

நகல் மனுப் போட்ட பன்னிரண்டாம் நாள் காப்பி கிடைத்தது. இ.பி. தாக்கல் செய்தோம், ஒரு முறை திருப்பிவிட்டார்கள். பத்திரத்தில் அப்பாவுக்கு ஒரு இனிஷியல், டிகிரியில் இரண்டு இனிஷியல். பிரமாணப் பத்திரம் வைத்து மறுபடி கொடுத்தோம். நேற்று மனுவை ஏற்று நம்பர் போட்டுவிட்டார்கள். மூன்று வருடம் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. பழைய குமாஸ்தா ஐயா, இந்த இழை தொடங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. மூன்று கோர்ட் ஏறி இறங்கிய 19 வருடத்தில் இந்த மூன்று வருடக் கணக்கை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மச்சானுடையது ஊர்ச் சீட்டுதான். நோட்டில் கையெழுத்து இருக்கிறது. எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டார், ஏட்டு ஐயாவுக்கு நன்றி. கோர்ட்டா என்று இன்னும் முடிவாகவில்லை, என் அக்கா இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறாள்.

வேலிக்காரருக்கு நோட்டீஸ் போகும். அடுத்த வாய்தா ஜனவரியில். நான் போகிறேன் என்றேன், அப்பா விடவில்லை. "ஒனக்கு அங்க எப்படி நிக்கணும்னே தெரியாது" என்கிறார்.

பழைய குமாஸ்தா:

நல்ல சேதி. ஒரிஜினல் நகல் கோர்ட் கட்டில் இருக்கட்டும். கூடுதலாக ஒரு காப்பி வாங்கியிருந்தால் பத்திரமாக வையுங்கள், பின்னால் போலீஸ் பாதுகாப்பு கேட்கும்போது தேவைப்படும். முக்கியமாக, லேமினேட் செய்யாதீர்கள்.

கிணற்றடி:

இன்று காலையில்தான் அந்தக் கூடுதல் காப்பியை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினார் ஐயா. பஸ் ஸ்டாப்பில் மடக்கிப் பிடித்து வாங்கி, என் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.